லோரிங் துரையைக் கொன்னவன் போன வழி

ஆமா தம்பி, அது நான்தான். போனை உள்ள வைங்க, பக்கத்து சீட்டுல எட்டிப் பாக்கறாங்க. தலையில சாக்கைக் கொங்காணியா மாட்டிக்கிட்டு, கையில வாளியோட, ஒரு பக்கம் சாஞ்சு சாஞ்சு ஒருத்தன் நடந்து போறானே, அவன் நான்தான். பலகுரல் சந்தானம். சேலம் ஜில்லாவுல பாதிக் கல்யாணத்துல என் தொண்டை கேட்டிருக்கும். உங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்திருப்பேன். பந்தி ஓடறப்ப எவன் மேடையைப் பாக்கறான், அதனால தெரிஞ்சிருக்காது.

அந்த நடையை மட்டும் கேக்காதீங்க. பஸ்ஸுல இடமில்லன்னு சொல்லல. வேற என்ன வேணா கேளுங்க. மூணாவது விசில் குடுக்க மாட்டேன்னு அடம்பிடிக்கற குக்கர் பண்ணட்டுமா. மண்டபத்துல மைக்கைத் தட்டித் தட்டி, அது வேலை செய்யறப்ப பேச்சு மறந்து போற பெரிய மனுஷர் பண்ணட்டுமா. வேணாமா. நடைதான் வேணுமா.

சரி, ஏன் பண்ண மாட்டேன்னு சொல்றேன். சொன்னா நீங்களே கேக்க மாட்டீங்க. இருவது வளைவு இருக்கு, கீழ போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆகும். உங்களுக்கு வாந்தி வருமா. வராதுன்னா நான் ஜன்னல் பக்கம் உக்காந்துக்கறேன்.

மேல லோரிங் பங்களான்னு ஒரு ரிசார்ட் இருக்குல்ல, அங்க தினமும் சாயங்காலம் நாலரைக்கு என் ஷோ. கெஸ்ட் எல்லாம் புல்வெளியில உக்காந்து பஜ்ஜி சாப்பிடுவாங்க. நான் அந்த பங்களாவுல நடந்த கொலையைச் சொல்லணும். கதை சொல்றதுன்னா சும்மா சொல்றதில்ல. துரையும் நான்தான், துரைசாணியும் நான்தான், குலைக்கற நாயும் நான்தான்.

விஷயம் இதுதாங்க. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அம்பது வருஷம் ஆச்சுன்னு கொண்டாடின வருஷம். ஆயிரத்து எண்ணூத்தி எம்பத்தேழு. காப்பித் தோட்டத்து லோரிங் துரை தன் புல்வெளியில டீ பார்ட்டி வெக்கறார். மலையில இருந்த வெள்ளக்காரங்க அத்தனை பேரும் வந்தாச்சு. நாலு மணிக்கு துரை சட்டையில டீயைக் கொட்டிக்கிட்டார். மாத்திட்டு வரேன்னு உள்ள போனார். ஆள் வரல. நாலரைக்குப் போய்ப் பாத்தா குளிக்கற ரூம்ல விழுந்து கெடக்கறார். நெஞ்சுல, காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டற கத்தி.

யார் பண்ணினதுன்னு அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல. அது கூட பெரிசில்ல. பண்ணினவன் எப்படி வெளிய போனான். அதுதான் என் ஷோ.

முன்பக்கம் நாப்பது விருந்தாளி. ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். குளிக்கற ரூமுக்குப் பின்னால ஒரு சின்னக் கதவு. அப்ப ஃப்ளஷ் எல்லாம் ஏது. மரப்பெட்டி, நடுவுல ஓட்டை, அடியில வாளி. அந்த வாளியை எடுத்துட்டுப் போறவர் வந்து போறதுக்குன்னே அந்தக் கதவு. அதைத் திறந்தா சமையக்கட்டுத் தாழ்வாரம். எவனா இருந்தாலும் அதைத் தாண்டித்தான் போகணும். அங்க பட்லர், சமையக்காரர்னு ஆறு பேர் நின்னு வேலை பாத்துக்கிட்டிருந்தாங்க. ஆறு பேரும் மாஜிஸ்திரேட் கிட்ட ஒரே வாக்கு. இந்தப் பக்கம் அன்னியன் யாரும் வரல. அவ்வளவுதான். கேஸ் மூடியாச்சு. மாஜிஸ்திரேட் எழுதின காயிதத்தை நகல் எடுத்து ரிசார்ட் ஹால்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க, அடியில தமிழ்லயும் எழுதி. பக்கத்துலயே அன்னைக்கு பங்களாவுல வேலை பாத்தவங்க பேர்ப் பட்டியல். அதுக்கும் கண்ணாடி.

நான் நாலு வழி வெச்சிருந்தேன். மொத வழி, புகைக்கூண்டுல ஏறிப் போனான். சின்னப் பசங்களுக்குப் பிடிக்கும். ரெண்டாவது, துரைசாணி கவுனைப் போட்டுக்கிட்டு குடையோட போனான். பொம்பளைங்களுக்குப் பிடிக்கும். மூணாவது, போகவே இல்ல, பீரோவுக்குள்ள மூணு நாள் இருந்தான். அது யாருக்கும் பிடிக்காது, ஆனா எனக்குத் தண்ணி குடிக்க நேரம் கெடைக்கும்.

நாலாவதுதான் தம்பி, நீங்க போன்ல பாத்தது.

ஆறு பேரும் பொய் சொல்லலீங்க அப்படின்னு ஆரம்பிப்பேன். ஒருத்தன் போனான். ஆறு பேரும் பாத்தாங்க. ஆனா அவங்க கண்ணுக்கு அது ஆளே இல்ல. இங்க ஒரு நிறுத்தம். ஒண்ணு, ரெண்டு, ரெண்டரை. மூணு வரைக்கும் போனா எவனாவது இருமிருவான். ரெண்டரையில சாக்கைத் தலையில மாட்டுவேன். வாளியைத் தூக்குவேன். ஆறு பேர் மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பறாங்க, நடுவுல கொலைகாரன் நிதானமா நடந்து போறான். தள்ளிக்கோங்க சாமி, தள்ளிக்கோங்க. அவ்வளவுதான். பஜ்ஜித் தட்டைக் கீழ வெச்சிட்டு கைதட்டுவாங்க. ஆள் இருந்தும் ஆள் இல்லாம போனான் பாருங்க, என்ன மூளைன்னு எனக்குக் கைகுடுப்பாங்க. ஒரு ரிட்டயர்ட் ஜட்ஜ் கூட குடுத்தார்.

அந்தக் குரல் எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கறீங்களா. நான் சின்ன வயசுல இருந்த தெருவுக்கு ஒருத்தர் வருவார், அவர் குரல். பேர் தெரியாது. குரல் மட்டும் இருக்கு. என் கிட்ட அப்படித்தான் தம்பி, நெறைய பேர் பேர் இல்லாம இருக்காங்க.

ஆனா நாலாவதுக்கு ஒரு பேர் வேணும்னு தோணுச்சு. பேர் சொன்னா நம்புவாங்க. கண்ணாடிக்குள்ள பட்டியல் இருக்கே, பாத்தேன். கடைசிப் பேர். சுத்தம் பண்றது, ஓபுளன். நல்ல பேர். மேடைக்கு நல்லா விழும்.

இங்க ஒண்ணு சொல்லணும். மொதல்ல நான் ஓபுளன்தான் கொலைகாரன்னு சொல்லல. சத்தியமா சொல்லல. எவனோ ஒருத்தன் ஓபுளன் சாக்கையும் வாளியையும் எடுத்துக்கிட்டு வேஷம் போட்டுப் போனான், அப்படித்தான் சொன்னேன். ஆனா அதுல ஒரு வரி கூடுது. அந்த ஒரு வரியால சிரிப்பு தள்ளிப் போகுது. பத்து நாள் பாத்தேன். பதினோராவது நாள் அந்த வரியை வெட்டிட்டேன். சிரிப்பு டாண்ணு வந்து விழுந்துச்சு. ஓபுளனே கொலைகாரன் ஆயிட்டார்.

ஒரு வரிதான் தம்பி.

அப்புறம் எவரோ ஒரு கெஸ்ட் வீடியோ எடுத்துப் போட்டார். ஊரே பாத்துச்சு. ரிசார்ட்டுல சனி ஞாயிறு ரூம் கெடைக்கல. மேனேஜர் எனக்கு சால்வை போத்தினார், அவரா வாங்கினது இல்ல, ஏதோ கம்பெனி மீட்டிங்குல மிஞ்சினது.

ஒரு நாள் ஷோ முடிஞ்சு சாக்கை மடிச்சிட்டிருக்கேன். ரூபாவதி வந்தா. வந்தாங்க. ரூம் சுத்தம் பண்றவங்களுக்கு அவங்கதான் மேல் ஆள். அந்தக் கொலை நடந்த குளியல் ரூமையும் அவங்கதான் பாத்துக்கறாங்க. ரெண்டு வருஷமா நான் புல்வெளியில கத்தறேன், அவங்க பின்னாடி தாழ்வாரத்துல பினாயில் வாளியோட போய் வராங்க. அன்னைக்கு வரைக்கும் நான் அவங்க கிட்ட பேசினது ரெண்டே வார்த்தை. ஏம்மா, டீ. அன்னைக்கும் டீதான் கேட்டேன்.

அவங்க டீ கொண்டு வரல. ஓபுளன் எங்க தாத்தாவுக்குத் தாத்தா சார்னாங்க.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா. சந்தோஷப்பட்டேன். கொலைகாரன் வம்சத்துலயே ஒருத்தர் கெடைச்சிருக்காங்க, ஷோ கடைசியில மேடையில கொண்டு வந்து நிறுத்தினா எப்படி இருக்கும்னு அவங்க கிட்டயே கேட்டேன். ஒரு மாலை போட்டு நிறுத்தலாம்மான்னேன். இதை நான் இதுவரைக்கும் யார் கிட்டயும் சொன்னதில்ல.

அவங்க கோவப்படல. ரொம்ப நிதானமா சொன்னாங்க. அவங்க பொண்ணு கிருபா, கீழ சேலத்துல நர்சிங் மொத வருஷம். ஹாஸ்டல்ல இருக்கு. காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி ரிசார்ட்டுக்கு வந்து, அந்தக் கண்ணாடிப் பட்டியல் பக்கத்துல நின்னு, ஓபுளன் பேர் மேல வெரல் வெச்சு போட்டோ எடுத்துக்கிட்டிருக்கு. நூறு வருஷத்துக்கு மேல எங்க ஆளு பேர் எழுத்துல இருக்குன்னு ஸ்டேட்டஸ் போட்டிருக்கு. பெருமைதான. அந்த போட்டோ ஹாஸ்டல்ல எல்லார் கிட்டயும் இருந்திருக்கு. அப்புறம் என் வீடியோ போயிருக்கு. ரெண்டையும் சேத்துப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும். அந்தப் பொண்ணு வராண்டாவுல வந்தா ரெண்டு பேர் மூக்கைப் பொத்திக்கறது, மூணாவது ஒண்ணு என் குரல்ல தள்ளிக்கோங்க சாமின்னு சொல்றது. அந்தப் பொண்ணு பொட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்திருச்சு. போக மாட்டேங்குது.

ரூபாவதிம்மா கேட்டது ஒண்ணுதான். அதே புல்வெளியில நின்னு, அது நான் கட்டின கதைன்னு ஒரு வீடியோ போடுங்க சார்.

நான் மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்னேன். மேனேஜர் சனிக்கிழமை ஃபுல்லு அண்ணேன்னார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு பாருங்க. அதனால நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். பேரை மாத்திட்டேன். ஓபுளனை எடுத்துட்டு சின்னான்னு வெச்சேன். வெச்சிட்டு, வேலை மெனக்கெட்டு தாழ்வாரத்துக்குப் போய் ரூபாவதிம்மா கிட்ட சொன்னேன், இனிமே உங்க ஆளு இல்லம்மா, சின்னான்னேன்.

அவங்க தரையைத் தொடச்சிட்டிருந்தாங்க. நிமிந்தாங்க.

"சின்னான் யாரோட தாத்தா சார்?"

அன்னைக்கு நின்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எவனும் இருமல.

அப்புறம் அவங்களே என்னை அந்தக் குளியல் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சின்னக் கதவைத் திறந்து காட்டினாங்க. நான் ரெண்டு வருஷமா அந்தக் கதவைப் பத்திப் பேசறேன், திறந்து பாத்தது அன்னைக்குத்தான். கேட்டாங்க.

"வாளி தூக்கறவனை யாரும் பாக்க மாட்டாங்கன்னு உங்களுக்கு யார் சார் சொன்னா?"

எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிக்குவாங்கல்லன்னேன். அவங்க சிரிச்சாங்க. நல்ல சிரிப்பு இல்ல. எங்க ஆளுங்கதான் சார் இந்த மலையிலயே அதிகமா பாக்கப்பட்ட ஆளுங்கன்னாங்க. எங்க வரான், எவ்வளவு தூரத்துல வரான், நெழல் எந்தப் பக்கம் விழுது, எந்தக் கல்லுல காலை வெச்சான். இதெல்லாம் பாத்தாத்தான ஒதுங்க முடியும். பாக்காதவன் எப்படி ஒதுங்குவான்னு கேட்டாங்க. ஓபுளன் அந்தத் தாழ்வாரத்துக்கு வரணும்னா தோட்டத்து முக்குலயே குரல் குடுக்கணும். குரல் கேட்ட ஒடனே சமையக்காரர் தண்ணிக் கொடத்தை எல்லாம் உள்ள எடுத்து வெச்சிருவாராம். ஒரு கொடம் வெளிய இருக்கறப்ப அவர் படி ஏறிட்டார்னா அம்புட்டுத் தண்ணியையும் கொட்டணும். ஆறு பேர் நிக்கற எடத்துல அவர் சாக்கைப் போட்டுக்கிட்டு வேற எவனாவது வந்தான்னா, நடையைப் பாத்தே ஆறு பேரும் கண்டுபிடிச்சிருப்பாங்க. தெனம் அதுதான வேலை, அவர் நடையைப் பாக்கறது.

சொல்லிட்டு ஹாலுக்குக் கூட்டிட்டுப் போய் கண்ணாடிக்குள்ள ஒரு வரியைக் காட்டினாங்க. மாஜிஸ்திரேட் எழுதினது. தாழ்வாரத்தில் தண்ணீர்க் குடங்கள் ஒன்பதும் வைத்தது வைத்தபடியே இருந்தன. நான் அந்த வரியை நூறு தடவை படிச்சிருக்கேன். என்னத்துக்கு இந்தாளு கொடத்தை எல்லாம் எண்ணிட்டிருக்கான்னு தாண்டிப் போயிருவேன். அந்த வரியாலதான் தம்பி ஓபுளனை விட்டாங்க. பதினோரு நாள் பிடிச்சு வெச்சு அடிச்சிருக்காங்க, சுண்டு வெரல் அப்புறம் மடங்கவே இல்லியாம். அந்த ஆறு பேரும் வந்து, கொடம் எடுக்கல, அதனால அவன் வரலன்னு சொன்னப்புறம் விட்டிருக்காங்க. பார்ட்டி நாள்ல விருந்தாளி போனப்புறம்தான் அவர் வரணும்னு உத்தரவாம்.

அப்ப எவன்தாம்மா போனான்னு கேட்டேன்.

"அன்னியன் வரலன்னுதான சார் சொன்னாங்க. யாரும் வரலன்னு சொல்லலையே" அப்படின்னாங்க.

துரைமாருங்கள்ல ஒருத்தன் சார், கையில டீக் கோப்பையோட, அந்தச் சின்னக் கதவு வழியா வந்து தாழ்வாரத்துல நடந்து திரும்பப் புல்வெளிக்கே போயிருப்பான். ஆறு பேரும் வேலையை நிறுத்தி, குனிஞ்சு, கும்பிட்டிருப்பாங்க. கும்பிட்ட ஆளோட பேரை வெள்ளக்கார மாஜிஸ்திரேட் கிட்ட சமையக்காரர் சொல்ல முடியுமா. குனிஞ்சிருந்தவன் மூஞ்சியை எங்க பாத்திருப்பான். இது எங்க வீட்டுல பேசிக்கறது, நெசமான்னு எனக்குத் தெரியாது சார், ஆனா நான் இதை மேடை போட்டுச் சொல்லலன்னாங்க.

இதைக் கேட்டப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா. வெக்கமா இருக்கு சொல்ல. அடடா, இது என் நாலாவதை விட நல்லா இருக்கேன்னு தோணுச்சு.

மன்னிப்பு வீடியோ போட்டேன். ரிசார்ட்டுக்குள்ள வேணாம்னுட்டு கேட்டுக்கு வெளிய டீக்கடையில நின்னு போட்டேன். மேனேஜருக்குத் தெரியாம. அந்த அளவுக்கு எனக்கும் மனசாட்சி இருக்கு. ஆனா பாருங்க, மன்னிச்சிருங்க மன்னிச்சிருங்கன்னு நின்னா எவன் பாப்பான். தள்ளி விட்டுட்டுப் போயிருவான். ஏன் ஓபுளன் கொலை பண்ணியிருக்க முடியாதுன்னு வெளக்கணும்ல. கொடத்தைச் சொல்லணும்ல. கொடத்தைச் சொல்லணும்னா ஆறு பேரைச் சொல்லணும்ல. ஆறு பேர் இருந்தா ஆறு குரல் வேணும்ல.

பட்லருக்கு மூக்கடைச்ச குரல். சமையக்காரருக்கு வெத்தலை போட்ட வாய். தூரத்துல ஓபுளன் குரல் கேக்குது, ஒடனே பட்லர், ஏய் வரான் வரான், கொடம், கொடம். சமையக்காரர், கொழம், கொழம். மூணாவது ஆளு ஒரு கொடத்தை எடுத்துட்டு எங்க வெக்கறதுன்னு தெரியாம தலையில வெச்சுக்கறான். ஒண்ணு, ரெண்டு, ரெண்டரை, கொடம்.

நீங்க ஏன் தம்பி சிரிக்கறீங்க.

முன்னாடி அந்தத் தொப்பிக்காரரும் சிரிக்கறார். பரவால்ல. எல்லாரும் சிரிச்சாங்க. மொத வீடியோவை விட ரெண்டு பங்கு ஓடுச்சு. அண்ணன் மன்னிப்புலயும் கலக்கறார்னு கீழ எழுதியிருந்தாங்க.

அண்ணன் மன்னிப்புக் கேட்டுட்டார், இனி ஒண்ணும் இருக்காதுன்னு ரூபாவதிம்மா பொண்ணைச் சமாதானம் பண்ணி ஹாஸ்டலுக்கு அனுப்பினாங்க. வீடியோவை அவங்க பாக்கல. நான் போட்டுட்டேன்னு சொன்னேன், நம்பிட்டாங்க. திங்கக்கிழமை காலையில போச்சு அந்தப் பொண்ணு. மத்தியானம் சாப்பிட மெஸ்ஸுக்குப் போயிருக்கு. அங்க தண்ணி பிடிக்கற மிஷின் ஒண்ணு இருக்காம். இது பாட்டில் எடுத்துட்டுக் கிட்ட போயிருக்கு. வரிசையில நின்ன பொண்ணுங்க எல்லாம் அவங்கவங்க பாட்டிலை நெஞ்சோட சேத்துக்கிட்டு, கொடம், கொடம்.

அன்னைக்குச் சாயங்கால பஸ்ஸுலயே ஏறி வந்திருச்சு.

அதுக்கு முன்னாடி அந்த ஹாஸ்டல் பொண்ணுங்களுக்குத் தெரியவே தெரியாது தம்பி, கொடத்தைப் பத்தி. இந்தக் காலத்துப் பொண்ணுங்க. எவளுக்கும் அதெல்லாம் தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஆறு குரல்ல.

இப்ப நான் நாலாவது பண்றதில்ல. மூணாவதோட நிறுத்திக்கறேன். சனிக்கிழமை மட்டும், கெஸ்ட் ரொம்பக் கேட்டா. அப்பவும் பேர் சொல்றதில்ல, குரல் குடுக்கறதில்ல, வெறும் நடைதான்.

இப்ப ஏன் கீழ போறேன்னு சொல்லலையே. அந்தப் பொண்ணு இன்னைக்கு வராட்டி பேரை எடுத்துருவோம்னு காலேஜ்ல கெடு குடுத்திருக்காங்க. அவங்க வீட்டுல பத்தாவதுக்கு மேல தாண்டின மொத ஆளு அது. ரூபாவதிம்மா பிரின்சிபால் அம்மாவைப் பாத்துப் பேசியிருக்காங்க. இன்னைக்குப் பதினோரு மணிக்கு ஹாஸ்டல் பொண்ணுங்க அத்தனை பேரையும் ஹால்ல உக்கார வெக்கறாங்க. நான் போய் நிக்கணும். சாக்கு இல்லாம, மைக் இல்லாம.

அதோ, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட். பச்சைப் புடவை. பக்கத்துல மடியில பையை வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு. அவங்கதான். திரும்பிப் பாக்காதீங்க. பாக்காதீங்கன்னா பாக்கறீங்க பாருங்க.

நான் மெதுவாத்தான பேசிட்டு வரேன்.

இல்லியா. தொண்டை அப்படிப் பழகிப் போச்சு தம்பி. ரகசியம் சொன்னாலும் கடைசி வரிசைக்குக் கேக்கும். பஸ் சத்தத்துல முன்னாடிக்குப் போயிருக்காது. தொப்பிக்காரருக்குக் கேட்டுச்சுதான், ஆனா அவர் நமக்கு அடுத்த சீட்டு.

ரூபாவதிம்மா எழுதிக் குடுத்திருக்காங்க, சட்டைப் பையில வெச்சிருக்கேன். இந்தாங்க பாருங்க. ரெண்டே வரி. நான் சொன்னது பொய். ஓபுளன் கொலை பண்ணல. இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது, வெளக்கக் கூடாது, யார் மாதிரியும் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. காலையில பஸ் ஸ்டாண்டுல படிச்சுக் காட்டினேன். நல்லாத்தான் படிச்சேன். அவங்க, நடுவுல ஏன் சார் நிறுத்தறீங்கன்னாங்க. நிறுத்தினது எனக்கே தெரியல. மறுபடி படிச்சேன். மறுபடி நிறுத்தறீங்கன்னாங்க. ரேஷன் கடையில இன்னைக்கு சக்கரை இல்லன்னு சொல்வாங்கல்ல, அப்படிச் சொல்லுங்க சார், போதும்னாங்க. பஸ்ஸுல ஏறினதுல இருந்து அதைத்தான் மனசுக்குள்ள சொல்லிட்டு வந்தேன், நீங்க வந்து பேச்சுக் குடுக்கற வரைக்கும்.

நீங்க கேட்டுச் சொல்லுங்க, சரியா இருக்கான்னு. நான் சொன்னது பொய்.

ஓபுளன் கொலை பண்ணல.

ஏன் ஒதட்டைக் கடிக்கறீங்க. நிறுத்தினேனா. எவ்வளவு. ஒண்ணு, ரெண்டு, ரெண்டரை. சரி, இன்னொரு தடவை.

இருங்க, காலேஜ் ஸ்டாப் வந்துருச்சு. எந்திரிச்சுட்டாங்க. நானும் எறங்கறேன் தம்பி, கொஞ்சம் காலை...

என்னம்மா கிருபா. நீங்க எறங்குங்க, நான் இதோ பின்னாடியே...

இந்தாம்மா. ம். பத்திரம், மடிப்புல கிழிஞ்சிருக்கு.

பாத்தீங்கல்ல தம்பி. நீங்களும்தான இருந்தீங்க. நேரா வந்து கையை நீட்டுச்சு. "அந்தத் தாளைக் குடுங்க சார். ரெண்டு வரிதான, நானே படிச்சுக்கறேன்." அவ்வளவுதான் சொல்லுச்சு. அவங்கம்மா படியிலயே நின்னாங்க, திரும்பல. ரெண்டு பேரும் ரோட்டைத் தாண்டிட்டாங்க. கேட்டுக்குள்ள போறாங்க.

நானும் கூட எறங்கியிருக்கலாம். வராதீங்கன்னு சொல்லலையே. கண்டக்டர் விசில் குடுத்துட்டார். அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்தா பதினோரு மணிக்குள்ள வந்துரலாம். வந்து பின்னாடி நின்னுக்கலாம். நின்னா, எல்லாரும் திரும்பி என்னைப் பாப்பாங்க. பாத்தா சிரிப்பாங்க. அது படிச்சிட்டிருக்கறப்ப.

வேணாம். உக்காந்துக்கறேன்.

அந்தப் பொண்ணு குரலை இப்பத்தான் மொதத் தடவை கேக்கறேன். கவனிச்சீங்களா. எங்கயும் ஏத்தல, எங்கயும் எறக்கல. கோவம் இல்ல, அழுகை இல்ல. நடுவுல ஒரு பொட்டு நிறுத்தம் கெடையாது. சக்கரை இல்லன்னு சொல்றாப்புல. ரெண்டு வரிதான, நானே படிச்சுக்கறேன். இல்ல, இப்படி இல்ல, இன்னும் கொஞ்சம் அடியில இருந்து. ரெண்டு வரிதான. நானே படிச்சுக்கறேன்.

அந்தக் குரல் வந்துருச்சு தம்பி.

ஐயோ, வந்துருச்சு.